தீ ஒத்திகைக்கு வராத அக்கா

நர்ஸுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. மருந்து அலமாரியை இரண்டு தடவை கலைத்து அடுக்கியாகிவிட்டது. பத்து மணிக்குத் தீ ஒத்திகை. காட்டுத்தீ வந்தால் அந்தப் பூர்வகுடிக் குடியிருப்பின் அறுபத்திரண்டு பேரும் எப்படி வெளியேறுவது என்று பார்க்க, பேரிடர் அலுவலக அதிகாரி இரண்டு பஸ்களோடு வந்திருந்தார். நர்ஸும் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஊர் சார்பில் திட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள்.

"டவுனுக்குப் போனதும் ஆம்பளைங்க ஸ்டேடியம், பொம்பளைங்க பள்ளிக்கூடம், சின்னப் பிள்ளைங்க விடுதி. அவ்வளவுதான் சிஸ்டர்."

"பிரிச்சுத்தான் வைப்பீங்களா சார்?"

"இடம் அப்படித்தான் இருக்கு. ரெண்டு நாள்தானே?"

நாலு வருஷத்துக்கு முன் தீ வந்தபோதும் ரெண்டு நாள் என்றுதான் சொன்னார்கள். நர்ஸோட அக்காவின் மகள், அப்போது மூன்று வயது, வேறு பஸ்ஸில் போய், பெயர் தப்பாகப் பதிவாகி, பதினோரு நாள் கழித்துத்தான் கிடைத்தாள். போன மாதக் கூட்டத்தில் நர்ஸ் இதைச் சொன்னாள். முன்பெல்லாம் தீ வந்தால் எங்கள் ஆட்கள் ஏரி நடுவிலிருக்கும் தீவுக்குத்தான் போவார்கள் என்றும் சொன்னாள். அதிகாரி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். திட்டத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தக் கூட்டத்தில் அவள் சொல்லாதது ஒன்று உண்டு. பிள்ளையை அந்த பஸ்ஸில் தூக்கி ஏற்றியதே அவள்தான்.

சைரன் ஒலித்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வந்தார்கள். படகோட்டி பாதி சவரத்தோடு ஓடிவந்து, "நிஜத் தீன்னா மீதியை அதுவே வழிச்சு விட்டுடும்" என்றான். சிரிப்பு அடங்கி எண்ணிப் பார்த்தால் அறுபது பேர்தான் இருந்தார்கள். யார் அந்த இரண்டு பேர் என்று நர்ஸுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் ஓடினாள்.

அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினால் உள்ளே குறுக்கே போட்டிருந்த கட்டில் இடித்தது.

"அக்கா, கதவைத் திற. வெறும் ஒத்திகைதான்."

"ஒத்திகைக்கு வந்தா, நாளைக்கு நிஜமாவும் வரணும்னு சொல்வாங்க. நான் வரலைடி."

பின்னாலேயே வந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "நிஜமாவே தீ வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"இங்கேயே இருப்போம் சார். வெந்தாலும் ஒண்ணா வேகுறோம்."

நர்ஸ் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, அன்னைக்குப் பிள்ளையை அந்த பஸ்ல ஏத்தினது நான்தான்."



"தெரியும்" என்றாள் அக்கா. "சித்திதான் ஏத்தினாங்கன்னு அவ வந்த அன்னைக்கே சொல்லிட்டா. நீயா சொல்வேன்னு நாலு வருஷமா பார்த்துக்கிட்டு இருக்கேன்."

நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "இந்த ஃபார்ம்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். இன்னொரு ஒத்திகை பார்ப்போம். இப்பவே, படகுல, தீவுக்கு. அக்கா, பிள்ளையை நீயே கையைப் பிடிச்சு ஏத்து."

கட்டில் இழுபடும் சத்தம் கேட்டது.

அதிகாரி தன் மேலதிகாரிக்கு மூன்று போன் போட்ட பிறகுதான் அனுமதி கிடைத்தது. ஒன்பது படகுகளில், நாய்கள் உட்பட, எல்லோரும் நாற்பது நிமிடத்தில் தீவில் இறங்கினார்கள். அங்கே அதிகாரி நர்ஸிடம் கேட்டார்: "படகோட்டியோட அப்பாவுக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடணுமே, கரென்ட்டுக்கு என்ன பண்றது?" இருவரும் ஈரப் பாறையில் உட்கார்ந்து திட்டத்தை முதலிலிருந்து எழுதினார்கள். முதலில் தீவு, அங்கே ஒரு ஜெனரேட்டர். பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றால் ஒரு குடும்பத்துக்கு ஒரே பஸ், ஒரே கூரை.

அதற்கு ஒப்புதல் வர ஆறு வாரம் ஆனது. ஜெனரேட்டர் இன்னும் வந்து சேரவில்லை. நர்ஸ் தினமும் அதிகாரிக்கு போன் போடுகிறாள். போட்டுவிட்டு வாசலுக்கு வந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறாள்.