பின்சீட்டு மூலையில் ஒரு கல்யாணப் பெண்

கோகிலவாணி எழுதிக் குரல் கொடுக்கும் பேய்க்கதைகளை ஊரே செல்போனில் கேட்டது. கட்டிய புருஷன் மட்டும் கேட்பதில்லை என்று அவளுக்கு ஒரு மனக்குறை. கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டுகிற தமிழழகனுக்குக் கதை கேட்க எங்கே நேரம்?

இந்த முறை கதையே ஒரு மலை ஜீப்பில் நடந்தது. வளைவு ஒன்றில் கல்யாணப் பெண் ஏறிப் பின்சீட்டு மூலையில் உட்காருகிறாள். முகத்து மஞ்சளை முந்தானையால் துடைக்கிறாள். மஞ்சளோடு தோலும் உரிந்து வருகிறது. அந்த இடத்தை வாணி, குழந்தையைக் கொஞ்சுகிற குரலில் படித்திருந்தாள். கேட்டவர்கள் அலறினார்கள். அலறிவிட்டு மறுபடியும் கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் கள்ளக்குறிச்சியில் துணி எடுத்துக்கொண்டு புருஷன் ஜீப்பிலேயே திரும்பினாள். முன்னாலும் நடுவிலும் மூச்சு முட்டும் கூட்டம். பின்சீட்டு காலி.

"பின்னால எடம் கெடக்குதே, போய் ஒக்காந்தா இன்னா?" என்றாள் வாணி.

"எழுதறதையும் எழுதிட்டுப் பேச்சப் பாரு! நீங்க போய் ஒக்காருங்க அண்ணி, பாப்பம்," என்றாள் டெய்லர் மலர்விழி. வண்டியே சிரித்தது. வாணிக்குப் பெருமை தாங்கவில்லை.

மலையேறி முதல் ஊரில் மலர்விழி பின்படி வழியாக இறங்கினாள். ஒரு கால் படியில், ஒரு கால் மண்ணில் இருக்கும்போதே ஜீப் நகர்ந்துவிட்டது.

"அண்ணா! அண்ணா!"

தமிழழகன் பிரேக் அடித்தான். அவள் கம்பியைப் பிடித்துத் தொங்கியதால் முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. "கண்ணாடிய அழகுக்கா மாட்டிக்கினு இருக்கற?" என்று திட்டிக்கொண்டே போனாள்.

வாணி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் ஏறி இறங்குகிறவர்களைப் பார்க்கும் நடுக்கண்ணாடி, கூரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

வெள்ளிமலையில் எல்லோரும் இறங்கியதும் கேட்டாள். "யாரு மாமா திருப்பனது?"

"நான்தான்." தமிழழகன் ஸ்டியரிங்கைத் துடைத்தான், அதில் தூசியே இல்லை. "அந்தப் பொண்ணு மஞ்சள் தொடைக்கற எடம் கேட்டதுலேர்ந்து அந்த மூலையப் பாக்க முடியல."

"நீ கேட்டியா?"

"எல்லாத்தையும்தான். டீக்கடையில ஹெட்போன் மாட்டிக்கினு. சொன்னா என்னப் பயந்தாங்கொள்ளின்னு நீ ஊரெல்லாம் சொல்லிடுவ."

வாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மலர்விழியின் கால் நினைவுக்கு வர, பாதியில் நின்றது.

"இன்னிக்கே அந்தக் கதைய அழிச்சிடறேன். அவ உழுந்திருந்தா?"

"கண்ணாடியத் திருப்பனது நான். கத இன்னா பண்ணும்?"

"அவ்ளோ பயம்னா எதுக்குக் கேக்கற?"

"பயத்துல ஒதறிக்கினே வூட்டுக்கு வருவேன். கதவத் தொறந்தா, சோறு ஆறுதுன்னு கத்திக்கினு நீ நிப்ப. அப்ப ஒரு நிம்மதி வரும் பாரு... சும்மா வந்தா அது வராது வாணி."

வாணி இறங்கிப்போய்ப் பின்னால் ஏறி, மூலையில் உட்கார்ந்தாள்.

"இப்பத் திருப்பு."

கண்ணாடிவரை போன கை நின்றது. "நீதான?"

"மூஞ்சியத் தொடைச்சிக் காட்டட்டுமா?"

"வேணாம் தாயே!"

கண்ணாடி மெதுவாகக் கீழே இறங்கியது. முதலில் ஒரு கண்ணால் பார்த்தான், பிறகு இரண்டாலும். வண்டி கிளம்பிய பிறகும் பார்வையை எடுக்கவில்லை.

"ரோட்டப் பாத்து ஓட்டு மாமா," என்றாள் வாணி.