மூன்றாவது கோப்பை

வெனியமினுக்குப் பொறாமை ஒரு ஜன்னலில் தொடங்கியது. மாஸ்கோ வெளியுறவு அமைச்சகத்தில் மொழிபெயர்ப்பாளர்களின் மாடியில், ஆற்றைப் பார்த்த பெரிய அறை என்றைக்கும் அவனுடைய ஆங்கிலப் பிரிவுக்குத்தான். மேற்கு நாடுகளோடு பேச்சு முறிந்ததும் அங்கே வேலை வற்றிப்போனது. சீனாவோடு எரிவாயு, ரயில் பாதை என்று ஒப்பந்தங்கள் பெருகவே, சீனப் பிரிவுக்கு மேசை போதவில்லை. அறையை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அவன் ஜன்னலோரத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவள் ரிம்மா. அவன் மனைவி.

இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. நம் தலைவர் பேசுவதை நம் ஆள்தான் அயல் மொழிக்குக் கொண்டுபோவான். அவர்கள் பேசுவதை அவர்கள் ஆள் நம் மொழிக்குக் கொண்டுவருவான். நம் சொல்லை அடுத்தவன் கையில் கொடுக்கக் கூடாது என்பதுதான் காரணம். அதனால் ஜெனிவாவில் ஏவுகணைகளைக் குறைக்கும் பேச்சு நடந்த காலத்தில், ரஷ்யத் தளபதிகள் சொன்னதெல்லாம் அமெரிக்கர் காதில் வெனியமினின் குரலில்தான் விழுந்தது. அந்தக் குரல் இப்போது வீட்டில் உப்பு எங்கே என்று கேட்கப் பயன்பட்டது.

சீனக் குழுவுக்கு விருந்து கொடுத்த அன்று காலை ரிம்மா சட்டைக் கைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"வெனியா, இன்னிக்கு விருந்து கொடுக்கிறது துணை அமைச்சர் தெரெஷின். அவரோட எனக்குப் பழக்கமில்ல. முதல் கோப்பை சந்திப்புக்கு, ரெண்டாவது நட்புக்கு. மூணாவது வழக்கம்போல பெண்களுக்குத்தானே?"

ரஷ்ய விருந்தில் ஒவ்வொரு கோப்பை வாட்காவையும் எதையாவது வாழ்த்தித்தான் குடிப்பார்கள். சாதாரண வீடுகளில் மூன்றாவது பெண்களுக்குத்தான். பட்டாளத்துக்காரர்களுக்கு மூன்றாவது கோப்பை போரில் செத்தவர்களுக்கு. எழுந்து நின்று, பேசாமல், கோப்பையோடு கோப்பை இடிக்காமல் குடிப்பார்கள். தெரெஷின் முன்னாள் தளபதி. ஜெனிவாவில் அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்த வெனியமினுக்கு அது தெரியும்.

அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவினான். "பெண்களுக்குத்தான். வேற யாருக்கு?"

"அப்ப சீனக் குழுத் தலைவர் ஃபாங் கிட்ட முன்னாடியே சொல்லிடறேன். ரெண்டு நல்ல வார்த்தை தயார் பண்ணிக்கட்டும். அந்த மனுஷன் ரொம்ப மரியாதைக்காரர், கோப்பையைத் தாழ்த்தித் தாழ்த்தி இடிப்பார்."

"சொல்லு. சந்தோஷப்படுவார்."

விருந்து நல்லபடியாக முடிந்தால், ஞாயிற்றுக்கிழமை தெரெஷினோடு பெய்ஜிங் போகப்போவது ரிம்மா. முடியாவிட்டால் வேறு ஆள். வெனியமின் ரொட்டியைக் கடித்தான்.

விருந்து மாளிகையில் அவனுக்கு ஓர மேசை. ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒரு வங்கிக்காரருக்காக அழைத்திருந்தார்கள், அவர் வரவில்லை. பக்கத்தில் இருந்த அலுவலக நண்பன் குர்கென் சிரித்தான்.

"வீட்டம்மாவுக்கு வேலை, உனக்குச் சாப்பாடு. குடுத்து வெச்சவன்யா நீ."

பெரிய மேசையில் மொழிபெயர்ப்பாளருக்குத் தட்டு கிடையாது. வாயில் சோறு இருந்தால் சொல் வராது. தலைவர்களுக்குப் பின்னால் சின்ன நாற்காலியில் ரிம்மா வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாள். வெனியமின் மீன் தட்டைத் தள்ளி வைத்தான். அந்தப் பட்டினி அவனுடையதாக இருந்திருக்க வேண்டியது.

இரண்டு கோப்பைகள் முடிந்தன. தெரெஷின் எழுந்தார். "மூன்றாவது," என்றார், அவ்வளவுதான். நாற்காலிகள் நகர்ந்தன. ஃபாங்கும் மலர்ந்த முகத்தோடு எழுந்தார்; பெண்களைப் பற்றிய வாசகம் உதட்டில் தயாராக இருந்தது. கோப்பையைத் தாழ்த்தி தெரெஷினின் கோப்பையை நோக்கி நீட்டினார்.

ரிம்மா சொற்களைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். ரஷ்யர்களின் கோப்பைகள் எல்லாம் நெஞ்சோடு நின்றன. ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. விருந்தினரை மொழிபெயர்ப்பாளர் தொடவே கூடாது. அவள் இரண்டு கோப்பைகளுக்கும் நடுவில் கையை வைத்தாள். வாட்கா அவள் சட்டைக் கையில் சிந்தியது. சத்தம் எழவில்லை. ஃபாங்கின் காதில் ஏதோ சொன்னாள்.

அவர் முகம் மாறியது. கோப்பையைச் சாய்த்து, மெல்லிய கோடாக மரத் தரையில் ஊற்றினார். இறந்தவர்களுக்குச் சீனர்கள் கொடுக்கும் விதம் அது. தெரெஷின் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் கோப்பையில் பாதியை அதன் மேல் ஊற்றிவிட்டு மீதியைக் குடித்தார்.

ஓர மேசையில் வெனியமினும் கோப்பையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றான். ஜெனிவாப் பழக்கம். ரிம்மாவின் கண் தலைகளைத் தாண்டி வந்து அந்தக் கோப்பையில் நின்றது.

விருந்து முடிந்து, கழற்றிக் கொடுத்த மேலங்கிகளைத் திரும்ப வாங்கும் இடத்தில் தெரெஷின் அவன் தோளைத் தட்டினார்.

"உங்க வீட்டம்மா நம்ம பட்டாளத்து ஆள் மாதிரி. நீங்க சொல்லிக் கொடுத்ததா, வெனியமின் பெத்ரோவிச்?"

அவன் வாயைத் திறப்பதற்குள் ரிம்மா தெரெஷினிடம் சொன்னாள். "ஆமா, அனடோலி கர்போவிச். காலையிலேயே சொன்னார்."

வாட்கா ஈரம் காயாத கையை மேலங்கிக்குள் நுழைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி வாசலில் நின்றது. வெனியமின் சமையலறையிலேயே இருந்தான்.

"வா, உட்காரு. வழிக்கு உட்காராம கிளம்பக் கூடாது," என்றாள் ரிம்மா.

ரஷ்ய வழக்கப்படி, போகிறவரும் இருப்பவரும் புறப்படுமுன் கொஞ்சம் பேசாமல் உட்கார வேண்டும். அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"ரிம்மா, அன்னிக்குக் காலையில நான்..."

"இப்பப் பேசக் கூடாது."

மன்னிப்புக்கான சொற்களை அந்த மௌனத்தில் அவன் தேடியிருக்கலாம். விமானத்தில் தெரெஷினுக்குப் பக்கத்து இருக்கை யாருக்கு, அது ஜன்னலோரமா என்றுதான் மனம் கேட்டுக்கொண்டிருந்தது.

"போதும்," என்று ரிம்மா எழுந்தாள். பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள்.