சாமை அணியின் ஆட்டுக்காரி

லுப்னா டீச்சர் இந்த மலைப் பள்ளிக்கு வருவதற்கு முன் வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவள். ஆளை விரட்டினால் வேலை நடக்காது. அணியாகப் பிரித்து, இலக்கைக் கொடுத்து, ஜெயித்தவர்களைக் கொண்டாடினால் தானாக நடக்கும் என்பது அங்கே கண்கூடாகப் பார்த்தது. அதை எட்டாம் வகுப்பிலும் செய்து பார்க்க ஆசை. ஆசை யாரை விட்டது?

சாமை அணி, தினை அணி, கேழ்வரகு அணி என்று வகுப்பைப் பிரித்தாள். எந்த அணிக்கு வருகை அதிகமோ அதன் போட்டோ சுவரில் ஏறும். எப்படி வருவது என்பதை நீங்களே பேசி வைத்துக்கொள்ளுங்கள், நான் தலையிட மாட்டேன் என்றாள்.

சும்மா சொல்லக்கூடாது, பிள்ளைகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆடு மேய்க்கிறேன் என்று அடிக்கடி காணாமல் போகும் சாமை அணிப் பிள்ளைகள் மணி அடிக்குமுன் வந்து நின்றார்கள். அதே அணியின் தேவயானி மட்டும் வரவே இல்லை. கணக்கில் புலி அவள். லுப்னா சாமை அணியிடம் போய் நின்றாள்.

"தேவயானி எங்கடா?"

"ஊர்லதான் கீறா மிஸ்," என்று அணித் தலைவன் நவீன்குமார் நெளிந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் லுப்னா மூச்சிரைக்க மேலே ஏறினாள். சரிவு முழுக்க ஆடுகள். நடுவில் தேவயானி.

"இவ்ளோ ஆடா உங்க வூட்ல?"

"எங்களுது கொஞ்சந்தான் மிஸ். மிச்சமெல்லாம் நவீன் வூட்டுது, அன்பரசி வூட்டுது, பூபாலன் வூட்டுது. அவங்க இஸ்கூலுக்கு வரணும்ல? என் பேச்சத்தான் ஆடுங்க கேக்கும். நம்ம டீமு ஜெயிச்சுதா மிஸ்?"

யா அல்லா! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போனதே என்று லுப்னா பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன் படிப்பு?"

"இன்னிக்கி அவங்களுக்கு நான். அப்பால எனக்கு அவங்க." குரல் இறங்கியது. "ஆனா, இஸ்கூலுக்குத்தான் போவலியே, கல்யாணத்தப் பேசி முடிச்சிடலாம்னு அப்பா சொல்றாரு மிஸ்."

லுப்னா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தப்பு தன்னுடையது, வேறு யாருடையதும் இல்லை.

மறுநாள் காலை சாமை அணியைக் கூட்டிக்கொண்டு தேவயானியின் வீட்டு வாசலில் நின்றாள். அப்பா முனிசாமி களத்துமேட்டிலிருந்து வந்தார். சட்டம், வயது, படிப்பு என்று லுப்னா பேசப் பேச, மனிதர் காது கொடுத்தாரே தவிர முகம் கொடுக்கவில்லை.

நவீன்குமார்தான் முன்னால் வந்தான். "சித்தப்பா, தேவயானி எங்க ஆட்டயெல்லாம் மேச்சிருக்கா. அந்த நாளெல்லாம் நாங்க திருப்பணும். இனிமே உங்க ஆட்ட நாங்க மாத்தி மாத்தி மேய்க்கிறோம். அவ இஸ்கூலுக்கு வரட்டும்."

அந்த ஊரில் சாமை அறுப்புக்கு வந்த ஆளுக்குத் திருப்பி ஆள் போகாமல் இருந்ததில்லை. திருப்ப வருகிறவனை வேண்டாமென்று அனுப்பினால் அந்த வீட்டோடு உறவே முறிந்த மாதிரி. முனிசாமி பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எத்தினி நாளு திருப்புவீங்க?"

"பத்தாவது முடியிற வரிக்கும்," என்றாள் அன்பரசி.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வட்டி ரொம்ப ஜாஸ்தியா கீதே! சரி, போவட்டும். கல்யாணப் பேச்சு அப்பால பாத்துக்கலாம்."

திங்கட்கிழமை லுப்னா வருகைப் பதிவு எடுத்தாள். நவீன்குமாரின் இடம் காலி. பேரைச் சொன்னதும் தேவயானி எழுந்தாள்.

"அவன் எங்க ஆட்டோட கீறான் மிஸ், எனக்காகத்தான் வரல," என்றாள்.

லுப்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.