மாதத்துக்கு ஒரு சாண்

ஏறாவூரில் மரம் அரியும் மரக்காலை வைத்திருந்த ஜிப்ரி தன் மூத்த மகள் ஸாதியாவுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு, மாதத்துக்கு ஒரு சாண் வீதம் வாவியை நோக்கி நகர்ந்தது. இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு கலியாணம் முடிந்த மாதத்தில் புறப்பட்டு, ஒன்பது வருடத்தில் எண்பத்தொரு அடி போனது. அத்திவாரத்தோடும், முன்வாசல் படியோடும், குசினிப் புகைபோக்கியோடும் போனது. சுவரில் ஒரு வெடிப்பு விழவில்லை. மேசையில் வைத்த தேநீர் தளும்பவில்லை. வீடு புறப்பட்ட வருடம் வாவியில் இறால் குறைந்துபோனதால் ஊர் முழுக்க இறாலைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது. வீடு நகர்ந்த செய்தி அதற்கு அடுத்த இடத்தில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் மூலம் ஜிப்ரியின் இயந்திரம். பெரிய மரக்காலைகள் நேரான, பருத்த மரக் குற்றிகளைத்தான் ஏற்பார்கள். தொடைப் பருமனும் வில் வளைவுமாக ஒரு குற்றியைக் கொண்டுபோனால், விறகுக்குப் போடுங்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. வளைந்த மரத்துக்குள் வாள் நேராகப் போனால் பாதி மரம் தூளாகிவிடும். மிச்சப் பலகையிலும் நார் இடையில் அறுபட்டிருக்கும், பாரம் ஏற்றினால் அந்த இடத்தில் முறியும். ஜிப்ரி இதை வருடக்கணக்காக யோசித்தார். சாப்பிடும்போதும் யோசித்தார், ஜும்ஆவில் இமாம் பிரசங்கம் செய்யும்போதும் யோசித்து அதற்காகத் தௌபா செய்து மன்னிப்பும் கேட்டார். கடைசியில் இரண்டு பழைய லொறிச் சில்லுகளில் ஒரு நாடா வாளை மாட்டி, அதன் முன்னால் தள்ளுவண்டி ஒன்றை வைத்தார். வண்டியில் இரண்டு இரும்புக் கவ்விகள். இரண்டும் தனித்தனியே திரும்பும். குற்றி முன்னே போகப் போக அதன் வளைவுக்கு ஏற்றபடி கவ்விகள் திரும்பிக் கொடுக்க, வாள் நாரை வெட்டாமல் நார் போன வழியே போகும். வளைந்த பலகை வரும். அதை இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, மேலே கல் ஏற்றி, இரண்டு மாதம் காயவிட்டால் தானாக நேராகிவிடும். காத்தான்குடியிலிருந்து ஓட்டமாவடி வரை கோணல் மரம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் உழவு இயந்திரம் பிடித்து அவரிடம் வந்தார்கள். மரத்தின் நார் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் இருந்தால், அந்த மரத்துக்குள் வேறு என்னவெல்லாம் அறுபடாமல் இருக்கும் என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டாமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். ஸாதியாவுக்குக் கட்டார் நாட்டில் வேலை செய்யும் இஷாம் பேசி முடிவானதும் ஜிப்ரி கூரை மரம் தேடினார். ஊராருக்கு அரிந்து கொடுத்ததெல்லாம் கலப்பு மரம். ஒருவர் வளவு முதிரை, இன்னொருவர் வளவு மஞ்சோணா, எது கிடைத்ததோ அது. தன் மகளுக்கு அப்படி ஒட்டுப்போட்ட கூரையா? அவருக்கு மனம் ஒப்பவில்லை. பாரம் தாங்கும் தீராந்தியிலிருந்து ஓடு தாங்கும் சலாகை வரை ஒரே இனம், ஒரே நிறம், ஒரே இடத்து மரமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஸாதியாவின் வளவுக்கு அடுத்த வளவு தன்னாமுனை அழகரத்தினத்துடையது. அவருடைய வாவிக் கரையோரத்தில் பதினொரு வேம்பு வரிசையாக நின்றது. பின்னால் நின்ற பெரிய புளியமரம் வெயிலைப் பிடித்துக்கொண்டதால், பதினொன்றும் வெளிச்சம் தேடி வாவிப் பக்கமாக ஒரேபோல வளைந்து வளர்ந்திருந்தன. அழகரத்தினம் முகம் சுளிக்காமல் கொடுத்தார். ஆனால் இரண்டு வளவுக்கும் இடையில் இருந்த வேலியில் தொண்ணூறாம் ஆண்டு இனக் கலவரத்துக்குப் பிறகு ஆள் போய்வரும் கடப்பு எதுவும் கிடையாது. அதனால் கைநீட்டினால் எட்டும் தூரத்துக்குக் குற்றிகள் பெரிய தெருவைச் சுற்றி ஒன்றரை மைல் வந்தன. அவற்றை அரிந்த நாட்களில் ஜிப்ரி மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

கலியாணம் முடிந்து இஷாம் கட்டாருக்குத் திரும்பிய மூன்றாம் மாதம், ஸாதியா உடுப்புக் காயப்போடும் கொடி அறுந்தது. ஒரு முனை பின்பக்க யன்னலிலும் மறுமுனை தென்னையிலும் கட்டியிருந்த கொடி. நீளமாகக் கட்டினாள், மூன்று மாதத்தில் அதுவும் விறைத்து அறுந்தது. ஜிப்ரி வந்து முழம் போட்டுப் பார்த்தார். பிறகு மரக்காலைக்குப் போய், அதே வேம்பில் மிஞ்சியிருந்த கூரைக் கைமரத் துண்டு ஒன்றைச் சீமெந்துத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடையில் துண்டு இரண்டு விரற்கடை வாவிப் பக்கம் போயிருந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. ஊரார் வீடுகளில் கிழக்கே சாய்ந்த மரமும் மேற்கே சாய்ந்த மரமும் கலந்து கிடந்ததால் ஒன்றை ஒன்று இழுத்து வீடு அசையாமல் நின்றது. தன் மகள் வீட்டில்தான் எல்லா மரமும் ஒரு பக்கம். ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்ததே பிழையாகப் போனதை நினைத்து அவர் தரையில் குந்தியபடியே அழுதார்.

வேலிக்கு இன்னும் நாலு சாண் இருக்கும்போது, இஷாமின் தாய் உம்மு குல்தூம் ஆட்டோ பிடித்து வந்தார். வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

“மகன் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு லீவுல வாறான். அவன் வரக்குள்ள ஊடு வேலியத் தாண்டி இரிந்தா, நேரா என்ட ஊட்டுக்குத்தான் வருவான். அடுத்தவன்ட வளவுக்குள்ள என்ட மகன் குடியிரிக்க மாட்டான். சொல்லிப்போட்டன்.”

புருஷன் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போவதென்றால் கலியாணம் முடிந்தது என்றுதான் அர்த்தம். ஸாதியா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் அறுந்த கொடியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றதை ஜிப்ரியால் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை இரும்பு அலவாங்கோடு கூரையில் ஏறினார். ஓட்டை இறக்கி, மரத்தைக் கழற்றிவிட்டு, கடையில் இரும்பு வாங்கிப் போடுவது என்று முடிவு. முதல் ஓட்டைத் தூக்கும்போது வேலிக்கு அப்பாலிருந்து அழகரத்தினம் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார்.

“காக்கா, என்ன செய்யப் போறீங்க?”

“கூரையக் கழட்டப் போறன், அண்ணன். இது ஒங்கட மரம். ஒங்கட பக்கம்தான் இழுக்கிது. இன்னும் நாலு சாண் போனா வேலி.”

“மகள் எங்க?”

“உள்ளுக்குத்தான் இரிக்கா.”

“வயித்துப் புள்ளக்காரிய உள்ளுக்கு வெச்சிக்குக் கூரையக் கழட்டுறதா? எறங்குங்க முதல்ல. நான் கத்தி எடுத்துக்கு வாறன்.”

கத்தி என்றதும் ஜிப்ரி அலவாங்கை இறுக்கிப் பிடித்தார். அந்த வேலியோரத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு ஞாபகங்கள் இருந்தன. அவர் இறங்கவில்லை, அலவாங்கை விடவும் இல்லை. அழகரத்தினம் கத்தியோடு வந்து, வேலியின் கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினார். பதினைந்து கட்டு வெட்டிக் கதியால் கம்புகளைப் பிடுங்கி ஓரமாக அடுக்கிவிட்டு, நிமிர்ந்து வியர்வையைத் துடைத்தார்.

“நான் நட்ட மரம், காக்கா. அது திரும்பி வாற வழியில வேலியக் கட்டிக்கு நிண்டா எனக்குத்தான் வெக்கம்.”

ஜிப்ரி தூக்கிய ஓட்டை இருந்த இடத்திலேயே வைத்தார்.

பெருநாளைக்கு முதல்நாள் இஷாம் வந்திறங்கியபோது வீட்டின் முன்விறாந்தை அழகரத்தினத்தின் வளவிலும் மிச்ச வீடு ஸாதியாவின் வளவிலும் இருந்தது. உம்மு குல்தூம் ஆட்டோவை நிற்பாட்டச் சொல்லி, உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இஷாம் கட்டாரில் எட்டுப் பேர் படுக்கும் ஓர் அறையில், மேல்தட்டுக் கட்டிலில், யன்னல் இல்லாமல் வருடக்கணக்காக இருந்தவன். படியில் கைக்குழந்தையோடு நின்ற ஸாதியாவைப் பார்த்தான். பிறகு வீட்டைப் பார்த்தான். ஜிப்ரி கிணற்றடியில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“யன்னலால வாவி தெரியுதா?” என்று கேட்டான்.

“இன்னும் இல்ல. அடுத்த நோம்புக்குத் தெரியுமெண்டு வாப்பா சொன்னாங்க.”

“அப்ப அடுத்த லீவ நோம்புக்கு எடுக்கிறன்.” செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியோடு உள்ளே போனான். கொஞ்ச நேரம் கழித்து உம்மு குல்தூமும் இறங்கி வந்தார். தேநீர் ஊற்றியாகிவிட்டது, ஆறவிட முடியாது.

பிறகு வருடங்கள் வேகமாகப் போயின. மின்சாரக் கம்பி இழுபட்டதும் ஆட்கள் வந்து ஒரு தூண் கூடுதலாக நட்டுவிட்டுப் போனார்கள். கிராம சேவகர் தன் படிவத்தில் நகரும் வீட்டுக்கு நிரல் இல்லாததால் தற்காலிக முகவரி என்று எழுதி, வருடாவருடம் அதையே புதுப்பித்தார். கிணறு கூட வராததால் குழாய் நீண்டுகொண்டே போனது. வீடு முழுவதும் வேலியைத் தாண்டிய பின் கதியால்களைத் திரும்ப நட்டார்கள். ஆனால் நடுவில் ஒரு கடப்பு விட்டார்கள். வீடு விட்டுப்போன வெறும் நிலத்தில் அழகரத்தினம் கத்தரி வைத்தார், நன்றாகக் காய்த்தது. ஒன்பதாம் வருடம் வீடு வாவிக் கரையை அடைந்து, பதினொரு வேப்பங் கட்டைகளுக்கும் முன்னால் வந்ததும் நின்றது. ஸாதியாவின் இரண்டு பிள்ளைகளும் ஒரு கிழமை கோடு போட்டுப் பார்த்து, இனிப் போகாது என்று அறிவித்தார்கள்.

ஜிப்ரி அதற்குள் தன் தொழிலைத் திருத்திக்கொண்டிருந்தார். எந்தக் குற்றி வந்தாலும் அது எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது என்று கேட்டு வெள்ளைச் சோக்கட்டியால் அடையாளம் போடுவார். நாலு திசையையும் கலந்துதான் கொடுப்பார். அவர் மரம் போட்ட வேறு எந்த வீடும் ஒரு நூல்கூட அசையவில்லை. சென்ற வருடம் இளைய மகள் நிஸ்றாவுக்குக் கலியாணம் சரிவந்தபோது, தென்னைக்கும் தேக்குக்கும் வேம்புக்கும் கணக்குப் பார்த்து, அசையவே அசையாத ஒரு கூரைக்கு மரம் அடுக்கி வைத்தார். நிஸ்றா மரக்காலைக்கு வந்து அடுக்கைச் சுற்றிப் பார்த்தாள்.

“எனக்கு இது வேணா, வாப்பா.”

“ஏன் மகள்? நல்லாத் தேடி எடுத்த மரம்.”

“இதப் போட்டா ஊடு நிண்ட இடத்துலயே நிக்கும். ராத்தா தண்ணியோரத்துல, நான் மட்டும் இஞ்ச. எனக்கும் அந்த மரம்தான் வேணும்.”

ஜிப்ரி அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இருபது வருடம் மரத்தோடு கிடந்தும் தனக்குத் தோன்றாத ஒன்று இவளுக்குத் தோன்றிவிட்டதே என்று அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, கண்ணும் கலங்கியது. சோக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடப்பு வழியாக அழகரத்தினத்திடம் போனார். வெட்டிய கட்டைகளிலிருந்து துளிர்த்த கன்றுகள் பத்து வருடத்தில் தொடைப் பருமன் ஆகியிருந்தன. புளியமரம் இன்னும் வெயிலை விடாததால், அவையும் வாவிப் பக்கமே வளைந்திருந்தன. ஒன்றுவிட்டு ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள் என்றார் அழகரத்தினம். கத்தரி பறித்து முடிந்ததும் அத்திவாரம் வெட்டலாம், ஸாதியாவின் வீட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி வடக்கே தள்ளி வெட்டுங்கள் என்றார். பிறகு, வழியில் காய்க்கும் தன் தேசி மரம் ஒன்று நிற்பது நினைவுக்கு வர, இன்னும் இரண்டு முழம் தள்ளினால் நல்லது என்றார். ஜிப்ரி இரண்டு முழம் தள்ளி முளை அடித்தார்.