பிளக்கைப் பிடுங்கியும் ஓயாத பெட்டி

விபாவா பள்ளத்தாக்கில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டரும் கைபேசியும் பழுது பார்ப்பதுதான் மிலோய்காவின் பிழைப்பு. பதினேழு வருஷமாகச் செய்கிறாள். பாதிப் பழுதுகளுக்கு வண்டியை எடுக்கவே வேண்டியிருக்காது. ஒயர் கழன்றிருக்கும், இல்லையென்றால் ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். போனிலேயே சொல்லி முடித்துவிடுவாள்.

ஜூன் மாதம் ஒருநாள் காலை ஸ்டோயான் கூப்பிட்டார். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டு, முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தார்.

"கம்ப்யூட்டர் பெட்டி ரெண்டு நிமிஷம் ஓடுதும்மா, அப்புறம் தானா அணைஞ்சிடுது. ஆனா சத்தம் மட்டும் நிக்க மாட்டேங்குது."

"பிளக்கைப் புடுங்குங்க ஐயா."

"நேத்து சாயங்காலமே புடுங்கிட்டேன்."

"இப்ப?"

"இப்பவும் முனகுது."

மிலோய்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஃப்ரிட்ஜைப் புடுங்கியிருப்பீங்க. நல்லாப் பாருங்க."

"நாப்பது வருஷம் ரயிலுக்கு வழி விட்டவன் நான். எந்த ஒயர் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா? பிளக் என் கையில இருக்கும்மா!"

"சரி, உள்ள முக்கியமா ஏதாவது இருக்கா?"

"காத்து இருக்கு."

கூரையில் காற்றுமானி ஒன்றை நட்டு, மலையிலிருந்து சீறி இறங்கும் புர்யா காற்றின் வேகத்தை இருபத்திரண்டு வருஷமாக நாள் தவறாமல் பதிந்து வந்தவர் அவர்.

"இன்னொரு பிரதி எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"இல்லாம? அதே பெட்டியிலதான், பக்கத்து ஃபோல்டர்ல."

மிலோய்கா வண்டியை எடுத்தாள்.

பெட்டி மேசைக்கு அடியில், முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றது. பிளக் தரையில் கிடந்தது. அவள் மண்டியிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். முனகல் கேட்கத்தான் செய்தது. விசிறியின் சத்தம் அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். இது அது இல்லை. தகரத்தில் உள்ளங்கையை வைத்தாள். பக்கவாட்டில், நடுப்பகுதியில் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. நேற்று மாலையிலிருந்து மின்சாரமே போகாத பெட்டி அது. கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"பின்னாடி சுவத்துல ஏதாவது ஓட்டை இருக்கா?"

"காத்துமானி ஒயருக்குப் போட்டது ஒண்ணு இருக்கு. போன வருஷம் ஒயரில்லாத மானி மாட்டினதும் ஒயரை உருவிட்டேன். ஓட்டையை அடைக்கணும் அடைக்கணும்னு..."

மிலோய்கா வெளியே போய்ப் பார்த்தாள். கட்டைவிரல் பருமனுக்கு ஓட்டை. அதன் வாயில் தேனீக்கள் இறங்குவதும் எழுவதுமாக இருந்தன. உள்ளே வந்து பெட்டியின் பின்னால் டார்ச் அடித்தாள். ஓட்டைக்கு நேர் எதிரே, அதன் முதுகில் கார்டு சொருகும் இடத்துத் தகட்டை யாரோ எப்போதோ கழற்றிவிட்டு மூடாமல் விட்டிருந்தார்கள். வீட்டுக்குள் ஒரு தேனீகூட வரவில்லை. வரவேண்டிய அவசியம் அவற்றுக்கு இருக்கவில்லை.

மூன்றாவது வீட்டு லியூப்கா தேனீ வளர்ப்பவள். மிலோய்கா கூப்பிட்டதும் புகைக்குழலும் வெற்றுச் சட்டங்கள் அடுக்கிய மரப்பெட்டியுமாக வந்து சேர்ந்தாள். இரண்டு பெண்களுமாகப் பெட்டியை அங்குலம் அங்குலமாக முன்னால் இழுத்தார்கள். மிலோய்கா திருகுகளைக் கழற்றிப் பக்கத் தகட்டை எடுத்தாள்.

லியூப்கா புகைக்குழலைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள்.

வெள்ளை வெளேரென்று நான்கு அடைகள். டிஸ்க் மாட்டும் கூண்டிலிருந்து தொங்கின. ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி, அளவுகோல் வைத்துக் கட்டியது போல. சாம்பல் நிறத் தேனீக்கள் அவற்றின்மேல் மெத்தென்று படர்ந்திருந்தன. பச்சை மதர்போர்டின் ஓரங்களில் பிசின் பூசி, சந்துகளையெல்லாம் அடைத்திருந்தன. இத்தனை வருஷமாக ஆயிரக்கணக்கான பெட்டிகளைத் திறந்தவள். தூசியையும் செத்த கரப்பானையும் தவிர வேறெதையும் கண்டதில்லை.

"விசிறியைப் பாரு," என்றாள் லியூப்கா மெல்ல.

விசிறியின் இறக்கைகள் மெழுகில் இறுகிப் போயிருந்தன. சூட்டில் பெட்டி தானாக அணைந்ததற்குக் காரணம் அதுதான். தகடில்லாத பின்பக்கத் திறப்பில் முப்பது நாற்பது தேனீக்கள் வரிசையாகக் காலூன்றி, தலையை ஒரே பக்கம் வைத்து, நகராமல் இறக்கையடித்துக்கொண்டிருந்தன. மிலோய்கா விரலை நீட்டினாள். வெதுவெதுப்பான காற்று சீராக விரலைத் தொட்டுப் போனது.

"குஞ்சு இருக்குற இடம் ரொம்பச் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. ராப்பகலா மாத்தி மாத்தி விசிறும்," என்றாள் லியூப்கா.

"அந்தச் சத்தம்தானா..." என்று ஸ்டோயான் ஊன்றுகோலை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

டிஸ்க் இரண்டு அடைகளுக்கு நடுவே இருந்தது. லியூப்கா லேசாகப் புகை காட்டி, ஒவ்வொரு அடையாக அறுத்துச் சட்டத்தில் நூலால் கட்டினாள். மூன்றாவது அடையில் ராணி இருந்தது. அதை மரப்பெட்டியில் விட்டதும் மற்றவை அணிவகுத்து உள்ளே நடக்கத் தொடங்கின.

"கையுறை வேணுமாடி?"

"போட்டா திருகு கைக்கு நிக்காது."

மிலோய்கா வெறுங்கையை உள்ளே விட்டாள். நாலு திருகு. தேனீக்கள் விரல்மேல் ஏறின, மணிக்கட்டைச் சுற்றின, இறங்கின. மூச்சை அடக்கிக்கொண்டு திருகினாள். ஒன்றுகூடக் கொட்டவில்லை. டிஸ்க் கையில் வந்தபோது உடம்புச் சூட்டில் இருந்தது.

பிசினை வழித்துத் துடைத்துத் தன் மடிக்கணினியில் இணைத்தாள். சில நொடிகள் ஒன்றுமில்லை. ஸ்டோயான் திரையின் பக்கம் சாய்ந்தார். பிறகு திரையில் வருஷங்கள் ஒவ்வொன்றாக வரிசை கட்டின, இருபத்திரண்டும்.

"கடைசியைத் திறம்மா."

திறந்தாள். ஆபரேஷனுக்குப் போன அன்று காலை வரை எல்லாம் இருந்தது.

பழைய பெட்டி இனி உதவாது. காற்றை இரண்டு தனித்தனி டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை மகள் வீட்டில் வைக்கும்படி மிலோய்கா கண்டிப்பாகச் சொன்னாள். "சுவத்து ஓட்டையையும் நாளைக்கே அடைங்க."

"அடைக்கிறேன், அடைக்கிறேன்," என்றார் அவர். கண் மரப்பெட்டிமேலேயே இருந்தது. "ரெண்டு மாசம் வீட்டுல யாருமில்லன்னு நெனச்சிட்டிருந்தேனே."

வெளியே வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கைபேசி அடித்தது. யாரோ ஒருவர் வீட்டுப் பிரிண்டர் பச்சையாக அச்சடிக்கிறதாம். "வரேன், ஒரு அஞ்சு நிமிஷம்," என்றாள் மிலோய்கா. கையெல்லாம் பிசின் வாசனை. சாவியைத் திருகாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.