நான்கு ஒர்க் ஷாப்புகள்

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் நான்கு சின்னக் கட்டங்கள் இருந்தன. ஒர்க் ஷாப், ஃபேக்டரி, பிளான்ட், மில். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். இங்கே கடைகிற கல் கிண்ணங்களையும் குவளைகளையும் வாங்கி விற்கும் வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய படிவம். டைப்பிஸ்ட் அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மில் இல்லை, இங்கே எதையும் அரைத்து மாவாக்குவதில்லை, மாவு தானாகவே பறக்கிறது. பிளான்ட் என்றால் பெரிய பெரிய குழாய்களும் கொதிகலன்களும் வேண்டும் போலிருந்தது. மிச்சம் இரண்டு. அவை அக்கா தங்கைபோல ஒரே முகஜாடையில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மேனேஜர் இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிற ஆளில்லை. "ஒர்க் ஷாப்னு போட்டு அனுப்பும்மா. அவங்களுக்கு அந்த வார்த்தைதான் புடிக்கும். நாலு பேரு உக்காந்து ஆசையா செதுக்குற மாதிரி இருக்கும்ல?" என்றார். அவர் சொல்லாத காரணம் படிவத்திலேயே இருந்தது. ஒர்க் ஷாப் என்றால் நேரே ஆறாம் பக்கத்துக்குப் போய்விடலாம். நடுவிலிருந்த பக்கங்கள் முழுக்கத் தூசியைப் பற்றிய கேள்விகள். உறிஞ்சும் விசிறி உண்டா, முகமூடி எந்த வகை, ஆட்களின் நெஞ்சைக் கடைசியாகப் படம் எடுத்தது எப்போது.

அவள் மேசையையொட்டிய கண்ணாடி ஜன்னலில் கீழ்த்தளம் முழுவதும் தெரியும். முப்பத்தாறு தலைகள், எல்லா வயதுக்கும் ஒரே நரை. அதில் ஒரு தலை மாமாவுடையது, அம்மாவின் தம்பி. அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்க வைத்தவர். இந்த வேலைக்கும் அவர்தான் சொல்லிச் சேர்த்துவிட்டார். பதினோரு வருடமாகக் கல்லைத் தேய்க்கும் கிரைண்டரில் நிற்கிறார். இப்போதெல்லாம் படி ஏறும்போது பாதியில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்கிறவர்போலக் குனிந்துகொள்கிறார். வீட்டில் யாரும் அந்தச் செருப்பைப் பற்றிக் கேட்பதில்லை.

அவள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னாள். "சார், அவங்களே விளக்கம் குடுத்திருக்காங்க. ஒரு அறைக்குள்ள பத்து பேருக்குக் கம்மியா இருந்தாத்தான் ஒர்க் ஷாப்பாம். நம்மகிட்ட முப்பத்தாறு பேரு. பொய் எழுதக் கை வரல சார்."

மேனேஜர் எழுந்து கண்ணாடி வழியே வெகுநேரம் கீழே பார்த்தார். "பொய்யா? யாரும்மா உன்னப் பொய் எழுதச் சொன்னது?" என்றார் மிகவும் சாந்தமாக.

அன்று மாலை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நடந்ததைச் சொன்னபோது மாமா, "அடேங்கப்பா, மேனேஜருக்கே பாடம் எடுத்துட்டு வந்திருக்கா!" என்று சிரித்து, சிரிப்பு இருமலாகி, கொல்லைப்பக்கம் எழுந்து போனார்.

மூன்றாம் நாள் லாரியில் தகரங்கள் வந்து இறங்கின. இரண்டே நாளில், ஆளுயரத்துக்கு மேல் எழுந்த தகரத் தடுப்புகளால் கீழ்த்தளம் நான்காகிவிட்டது. அறைக்கு ஒன்பது பேர். கதவுகளில் ஒன்று முதல் நான்கு வரை எண்கள். முன்வாசலில் நுழைந்து பின் ஜன்னல் வழியே ஓடிக்கொண்டிருந்த காற்று, முதல் தகரத்தில் முட்டி நின்றது. நடுவிலிருந்த மூன்றாம் அறை மாமாவுக்கு.

"உங்க மாமாவுக்குத் தனி ரூம் யோகம்மா. ஏசிதான் பாக்கி," என்றான், மதியச் சாப்பாட்டுக்குக் குழாயடியில் கைகழுவிக்கொண்டிருந்த நெட்டையன் ஒருவன். மாமா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். புருவமும் உதடும் வெளுத்திருந்தன.

"மாமா, இந்த இடத்த நீங்க என்னன்னு சொல்லுவீங்க? ஃபேக்டரியா, ஒர்க் ஷாப்பா?"

"கம்பெனி. கம்பெனிக்குப் போறேன், கம்பெனிலேர்ந்து வர்றேன். அதுக்கு மேல பேரு வச்சுக் கூப்புட இது என்ன கொழந்தையா?"

"நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா காத்தாவது வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும்," என்றார். ஆறுதலுக்காக மாற்றிச் சொல்லும் பழக்கம் அவரிடம் கிடையாது. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "இனிமேயாவது கேளு பாப்பா. ஃபேக்டரின்னு போட்டா ஆயிரத்தெட்டு கேள்வி வரும். ஆர்டர் வேற எடத்துக்குப் போயிரும். முப்பத்தாறு வீட்டு அடுப்பு. என் நெஞ்சு ஒண்ணுக்காக எல்லார் வயித்துலயும் அடிச்சிராத," என்றார்.

"ஒங்க நெஞ்சு மட்டுமா மாமா?"

அவர் டப்பாவை மூடினார்.

மேலே மேனேஜர் படிவத்தை மேசைமேல் விரித்து, அதன்மேல் பேனாவையும் வைத்திருந்தார். "இப்ப எண்ணிப் பாரு. ஒரு ரூமுக்கு ஒம்பது. நீ சொன்ன விளக்கம், நீ சொன்ன கணக்கு. அம்மாவுக்கு இப்பவாவது கை வருமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஃபோனில் யாருடனோ பேசத் தொடங்கினார்.

அவள் பேனாவை எடுத்தாள். ஒர்க் ஷாப் என்ற முதல் கட்டத்தில் இனிப் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவளைக் கலங்கடித்தது. உண்மையான ஒரு வார்த்தையைக் கேட்டாள்; அந்த வார்த்தைக்கு ஏற்றபடி இடத்தையே வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டால் மேனேஜர் கிழித்துப் போடலாம், கிழிக்காமலும் போகலாம். அதற்கு மாமா தன்னை மன்னிப்பாரா என்றும் தெரியவில்லை. எண்ணிப் பார்க்கச் சொன்னதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு பேனாவோடு ஜன்னலுக்குப் போனாள்.

ஒரு தலைகூடத் தெரியவில்லை. தகர விளிம்புகளும், அவற்றுக்கிடையே அசையாமல் நின்ற வெள்ளைத் தூசிப் புகையும்தான். பிறகு மூன்றாம் அறையில் ஒரு தலை மேலே வந்தது. உள்ளே எதன்மேலோ ஏறி நிற்கிறான் போலும். விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நீந்துகிறவன்போல வாயைத் திறந்து இரண்டு மூச்சு இழுத்துவிட்டுக் கீழே போனான். உடனே இன்னொரு தலை. அதுவும் இரண்டு மூச்சு. பேச்சில்லாமல், தள்ளுமுள்ளு இல்லாமல், முறை வைத்து வந்துகொண்டிருந்தார்கள். வெளுத்த முகங்களில் யார் யாரென்று தெரியவில்லை என்றாலும், அவர்களில் எவரும் மாமா இல்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அவள் எண்ணினாள். எட்டுத் தலைகள் வந்து போயின. பின்னால் மேனேஜர் ஃபோனை வைக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பாமல், ஒன்பதாவது தலைக்காகத் தகர விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.