பீரங்கியின் சூப்பான்

அத்தான் படுத்துத் தூங்கினால் எங்கள் தீயணைப்பு நிலையத்தின் ஜன்னல் கண்ணாடிகள் ஆடும். பக்கத்துக் கட்டடத்துத் தையற்காரர் ஒருநாள் பதறிப்போய், சுவருக்குப் பின்னால் ஏதோ இடிந்து விழுகிறது என்று எங்களுக்கே போன் செய்தார். எடுத்தவன் நான்.

"இடிஞ்சு விழலை ஐயா, எங்க தலைவர் படுத்திருக்கார்" என்றேன்.

அவர் சற்று யோசித்துவிட்டு, "எப்ப எழுந்திருப்பார்?" என்று கேட்டார். தையல் இயந்திரத்தை அதற்குப் பிறகு ஓட்டலாம் என்று நினைத்திருப்பார். பாவம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் அணிக்குத் தலைவரும் அவர்தான். தீயணைப்பு வண்டியை ஓட்டுவது என் வேலை, என்னை விரட்டுவது அவர் வேலை. கதவில் நின்றால் கதவே தெரியாது. குரல் எப்படி என்றால், அவர் நிலையத்துக்குள் நின்று ஒருவனைக் கூப்பிட்டால் இரண்டு தெரு தள்ளிப் போகிற சைக்கிள்காரன் இறங்கி நின்று திரும்பிப் பார்ப்பான். அதனால் அவருக்குப் பீரங்கி என்று பெயர். அவர் முன்னால் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமலும் இருந்ததில்லை.

அந்த ஓய்வறையின் வாசனை இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. ஈரமான தண்ணீர்க் குழாய், பித்தளை துலக்கும் பொடி, எத்தனை முறை குளித்தாலும் போகாத கரி. இரும்புக் கட்டில்கள் இரண்டு வரிசை. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் நிற்கும். கால்சட்டையை அந்தப் பூட்ஸின் மேலேயே சுருட்டிப் பொருத்தி வைத்திருப்போம். மணி அடித்தால் எதையும் தேட வேண்டாம், பூட்ஸுக்குள் காலை விட்டு மேலே இழுத்தால் ஆள் தயார். வாசலிலிருந்து பார்த்தால் கட்டிலுக்கு ஒருவன் இடுப்புக்கு மேலே காணாமல் போய் நிற்பதுபோல இருக்கும். ராத்திரி முழுக்க விழித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரிசையாகச் சாய்வோம். அந்தத் தூக்கத்துக்கு ஈடான தூக்கம் அதற்கப்புறம் எனக்குக் கிடைக்கவேயில்லை, அத்தானின் குறட்டையோடு சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் அந்தக் குறட்டை நின்றுபோனது. முதல் நாள் பயந்துபோய் எங்களில் யாருமே தூங்கவில்லை. அத்தானோ சுவரைப் பார்த்துத் திரும்பி, முகத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தார். எங்கள் அணியில் குழாய் பிடிப்பவன் மெதுவாகப் போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தான்.

"இருக்கார். ஆனா ரொம்ப சந்தோஷமா இருக்கார்."

"துண்டு எதுக்காம்?"

"கண்ணு கூசுதுன்னு காலையிலேயே சொல்லிட்டார்."

நல்லது நடந்தால் யாரும் துருவிக் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

காரணம் தெரிந்தது ஒரு மரச்சாமான் பட்டறையில் தீப்பிடித்தபோது. மதியத் தூக்கத்தில் இருந்தோம், மணி அடித்தது, பூட்ஸுக்குள் பாய்ந்தோம். எங்கள் வழக்கம், தலைவர் கழுத்தில் கயிற்றில் விசில் தொங்கும். ஒருமுறை ஊதினால் தண்ணீரைத் திற, இருமுறை ஊதினால் நிறுத்து. அந்த இரைச்சலில் மனிதக் குரல் எடுபடாது, அத்தானின் குரலைத் தவிர. ஆனால் விதி விதிதான்.

பட்டறை வாசலில் குழாயை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஆட்கள் தயாராக நின்றார்கள். அத்தான் பரபரவென்று கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்து, வாயில் வைத்து, கன்னம் இரண்டும் உப்ப ஊதினார். சத்தம் வரவில்லை. கண் பிதுங்க மறுபடி ஊதினார். வரவில்லை. பம்பின் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் அவர் முகம் தெரிந்தது. வாயில் இருந்தது விசில் இல்லை, சூப்பான். கைக்குழந்தைகள் சப்பிக்கொண்டே தூங்குமே, ரப்பர் காம்பும் பின்னால் மஞ்சள் வளையமுமாக, அதேதான். விசில் கயிற்றிலேயே அதையும் கோத்து வைத்திருந்தார்.

தீயும் ஒரு கணம் எரிவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. நான் சட்டென்று பம்பைத் திறந்துவிட்டேன். தண்ணீர் பாய்ந்தது, ஆட்கள் உள்ளே போனார்கள், அத்தான் முதுகைத் திருப்பிக்கொண்டு எல்லாவற்றையும் கையசைவிலேயே நடத்தி முடித்தார். இவ்வளவு அமைதியாகத் தீயை அணைக்கும் அணியைத் தான் பார்த்ததே இல்லை என்று பட்டறை முதலாளி மேலிடத்துக்குப் பாராட்டி எழுதினார். கொஞ்ச காலம் மற்ற நிலையங்களிலும் கையசைவுப் பயிற்சி நடந்தது.

அன்று சாயங்காலம் நான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அத்தான் வந்து நின்றார்.

"பார்த்துட்டியா?"

"எதை அத்தான்?"

"நடிக்காத. உன் அக்கா காதுக்குப் போச்சு, உன்னை ஏணி உச்சியில கட்டி வச்சு ஏணியை நீட்டிடுவேன்."

பிறகு அவரே சொன்னார். மகளுக்கு அந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும், பல் தூக்கிக்கொண்டு வரும் என்று அக்கா பிடிவாதமாக நின்றிருக்கிறாள். சூப்பானைக் கொண்டுபோய் எங்கேயாவது எறிந்துவிட்டு வரச் சொல்லி இவரிடம் கொடுத்திருக்கிறாள். இவர் சட்டைப்பையில் போட்டவர், எறிய மறந்துவிட்டார். மகள் இரண்டே நாளில் மறந்தாள். அந்த நாட்களில் அத்தானுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. பெரிய தீக்குப் போய் வந்தால் கண்ணை மூடினாலும் உள்ளே எரிந்துகொண்டே இருக்கும், தூக்கம் பிடிக்காது. அப்படிப் புரண்டுகொண்டிருந்த ஒரு மதியம், பையைத் துழாவியபோது கையில் இது தட்டுப்பட்டிருக்கிறது.

"சும்மா வச்சுப் பார்த்தேன்டா. அவ்வளவுதான் தெரியும். முழிச்சுப் பார்த்தா எல்லாரும் டீ குடிச்சு முடிச்சிட்டாங்க."

அன்றோடு சூப்பான் கயிற்றிலிருந்து சட்டைப்பைக்கே திரும்பியது. அதன்பின் ஆண்டுகள் ஓடின. வாரத்துக்கு ஒரு நாள் வீட்டில் படுக்க வேண்டி வந்தால் அத்தான் தூங்கவே மாட்டார். அக்கா பக்கத்தில் இருக்கும்போது எப்படி எடுப்பது? செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், நன்றாக இருக்கும் கதவுக்கு எண்ணெய் போடுவார், விடிந்ததும் நிலையத்துக்கு ஓடிவந்து தூங்குவார். ராத்திரி வேலை எது வந்தாலும் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். கடமை தவறாதவர் என்று ஊர் சொன்னது.

என்னிடம் மட்டும் அவ்வப்போது அதை எடுத்துக் காட்டிப் பெருமைப்படுவார். "பாருடா. என் பொண்ணுக்கே கல்யாணம் ஆகப்போகுது, இது இன்னும் அப்படியே இருக்கு. அந்தக் காலத்துச் சரக்கு. இப்ப யாரு இப்படிச் செய்யறான்?"

பிறகு ஓய்வு பெறும் நாள் வந்தது. மாலை போட்டார்கள், கைக்கடிகாரம் கொடுத்தார்கள், எல்லோரும் அழுதார்கள். அத்தான்தான் அதிகம் அழுதார். வேலை போகிற துக்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். இனி எங்கே தூங்குவது என்ற துக்கம் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டார். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. பல் துலக்கிக்கொண்டே தூங்கிவிழுந்தார். மதியமானால் 'பசங்களைப் பார்த்துட்டு வரேன்' என்று நிலையத்துக்குப் போய் பழைய கட்டிலில் படுத்துக்கொண்டார். புதிதாக வந்த தலைவர் நல்ல பையன். அதற்குள் வேறு நிலையத்துக்கு மாற்றலாகியிருந்த என்னைத் தனியாக அழைத்து, "சார், மணி அடிச்சப்ப ஐயாவும் எங்களோட வண்டியில ஏறி உக்கார்ந்துட்டார். இறக்கவே முடியலை. மேலிடத்துல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்றார். அத்தான் அந்தப் பக்கமே இனி போக முடியாது என்று ஆகிவிட்டது.

வேறு வழியில்லாமல் நான் அக்காவிடம் போனேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மழை வருமா வராதா என்று பேசினேன்.

"தூங்கவே மாட்டேங்குறாருடா" என்றாள் அவளே.

"ஆமாக்கா. அதுல ஒரு விஷயம்..."

"சூப்பான் வைக்காம எப்படித் தூங்குவார்?"

அவள் மடித்து வைத்த துணியின்மேல் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"அவர் சட்டையைத் துவைக்கிறது யாரு, நீயா? எந்திரி, துணி கசங்குது."

"அதே பழசை இத்தனை வருஷமா..."

"பழசாவது. ரப்பர்டா அது. கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு ஆயிடும். அப்பப்ப நான்தான் மாத்தி வைப்பேன். புதுசுன்னு தெரிஞ்சா சந்தேகம் வருமே, டீத்தண்ணியில போட்டுக் கொதிக்க வச்சு, வளையத்தைக் கல்லுல உரசி, நானே ரெண்டு கடி கடிச்சு, பழசாக்கித்தான் பையில போடுவேன். அந்த மருந்துக் கடைக்காரன் இருக்கானே, அவன் ஒவ்வொரு தடவையும் வாழ்த்துச் சொல்லுவான். போன வருஷம் கேக்குறான், 'அம்மா, இதுதான் கடைசிக் குழந்தையா?'ன்னு. அவன் கணக்குல எனக்கு ஒரு பள்ளிக்கூடமே இருக்கு."

"அவர்கிட்ட ஏன்கா சொல்லலை?"

மடிப்பதை நிறுத்தினாள். "சொன்னா வெட்கப்பட்டு விட்டுடுவார். அப்புறம் தூங்காத மனுஷனை நெருப்புக்குள்ள அனுப்பச் சொல்றியா?"

வீட்டில் பக்கத்திலிருக்கும் சின்ன அறையில் அவருக்குத் தனியாக ஒரு கட்டில் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"வந்துட்டாரு பெரிய மனுஷன் யோசனை சொல்ல" என்றாள். "கல்யாணம் ஆனதுல இருந்து கட்டில்ல பாதி எனக்குக் காலிதான். ஒவ்வொரு ராத்திரியும் எங்க எரியுதோ, ஆள் திரும்பி வருவாரோன்னு கிடந்தேன். இப்பதான் மனுஷன் வீட்டுக்கு வந்திருக்கார். அவரைப் பக்கத்து ரூமுக்கு அனுப்பச் சொல்றியா?"

"அப்ப எல்லாம் தெரியும்னு சொல்லிடு."

"அவர் முகத்தைப் பார்த்து அதை என்னால சொல்ல முடியாதுடா. பீரங்கின்னு ஊரே சொல்லுது. பீரங்கியாவே இருந்துட்டுப் போகட்டும்."

ஒரு சட்டையின் கையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். பிறகு, "நீ போற வழியிலதானே அந்த மருந்துக் கடை? ஒண்ணு வாங்கிட்டு வா. இந்தத் தடவை பழசாக்க வேண்டாம்" என்றாள்.

வாங்கினேன். கடைக்காரர் என் வழுக்கையைப் பார்த்தார், பொருளைப் பார்த்தார், எழுந்து நின்று கைகுலுக்கினார்.

ரெண்டு நாள் கழித்து அத்தான் என் வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். குரலைத் தாழ்த்த முயன்றார். பழக்கமில்லாததால் இருமல் வந்தது.

"மாப்ளே, நம்ம குடும்ப விஷயம். வெளியில போகக் கூடாது. உன் அக்காவுக்கு ஒரு பழக்கம் இருக்குடா."

"என்ன பழக்கம் அத்தான்?"

வாயைத் தொட்டுக் காட்டினார். "மத்தியானம் ரூமுக்குள்ள போறேன், கண்ணை மூடிப் படுத்திருக்கா. வாயில சூப்பான்."

"அக்காவா?"

"நானே நம்பலை. எத்தனை வருஷமா இருக்கோ. நான் வீட்ல இருந்தாத்தானே தெரியும்? தனியாப் படுத்துப் படுத்து வந்திருக்கும்." என் காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது போன வருஷத்துக் காலண்டர். "பாவம்டா அவ" என்றார்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"சத்தம் கேட்டு முழிச்சிட்டா. மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு. அவ வெட்கப்படக் கூடாதில்ல? அதான் என்னோடதை எடுத்து நானும் வச்சுக்கிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி பக்கத்துல படுத்துட்டேன். ஒரு துணைக்கு."

"தூங்கினீங்களா?"

"அதை ஏன் கேக்குற. பொழுது சாஞ்சப்புறம் அவ தட்டி எழுப்பினா." தாழ்ப்பாளைத் திறந்தவர் திரும்பி என்னை விரலை நீட்டி எச்சரித்தார். "அவளைப் பார்த்துச் சிரிச்சே, தொலைச்சிடுவேன். பாவம், அது அவளுக்கு வேணும்."

நான் சிரிக்கவில்லை. கடைசிவரை அவர் அதை அப்படியேதான் நம்பினார், மனைவிக்காகத்தான் தான் விட்டுக்கொடுத்துப் போவதாக. அக்காவும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல், "உன் அத்தானுக்குப் பெரிய மனசுடா" என்பாள்.

அந்த மாதத்திலேயே ஒருநாள் நடுமதியம், அவர்கள் வீட்டில் விட்டுவந்த திருப்புளியை எடுக்கப் போனேன். தட்டித் தட்டிக் கை வலித்தபிறகு அக்கா வந்து கதவைத் திறந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது, முடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அத்தனை வருஷமும் அந்த வாசலில் யார் வந்து கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது, அவர் டூட்டிக்குப் போயிருக்கார். இப்போது எதிர்வீட்டுக்காரி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா முதலில் அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுடா. உன் அத்தான் தூங்குறார்" என்றாள்.

அவள் அதைச் சொன்னது தெருமுனை வரைக்கும் கேட்டது.